ஃபிலே தீவில் அண்ணன் சொன்னது

1

இந்த நாட்டில் என் பெயர் சுப்பிரமணியம் அல் முனியாண்டி.

நம் மலாய் நாட்டுக் கடப்பிதழில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ', ஒரு சாய்கோடு, 'எல்' என்று போட்டிருக்கும் அல்லவா, இன்னாருடைய மகன் என்பதற்கு. பதினாறு வருடங்களுக்கு முன் சூயஸ் நகரக் குடிநுழைவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி அதை உற்றுப் பார்த்துவிட்டு 'அல்' என்று எழுதிக்கொண்டார். அரபு நாடுகளில் பெரிய குடும்பங்களின் பெயருக்கு முன்னால் வருகிற 'அல்'. எனக்கு அப்போது அரபு தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டேன். முத்திரை விழுந்தால் போதும் என்றிருந்த காலம்.

அதிலிருந்து வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் மேசைக்குப் பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்.

"அல் முனியாண்டி எந்தப் பக்கத்துக் குலம்? ஏமனா?"

போன வாரமும் கேட்டார்கள். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தார், அந்தத் தோட்டத்துக் கோயிலில் பூசாரியாகவும் இருந்தார் என்பதை அரபியில் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "தூரத்துக் குலம்" என்று சொல்லிவைத்தேன். "பெரிய குடும்பமா?" என்றார். "ஓர் அம்மா, ஓர் அண்ணன்" என்றேன். ஒரு நகல் குறைகிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

உண்மையில் நான் இங்கே பிழைத்ததே மலாய் மொழியின் தயவில்தான். நாற்காலிக்குக் 'குர்சி', சவர்க்காரத்துக்குச் 'சாபூன்', வியாழனுக்குக் 'கமீஸ்'. தேசியப் பள்ளியில் படித்ததெல்லாம் இங்கே தெருவில் நடமாடியது. ஆனால் அதே மலாய் காலையும் வாரிவிடும். நம் ஊரில் 'அஹ்லி' என்றால் உறுப்பினர். வேலைக்குச் சேர்ந்த மாதம், எண்ணெய் ஆலை மேலாளரிடம் பெருமையாக "நான் தீயணைப்புக் குழுவின் அஹ்லி" என்றேன். அரபியில் அது 'என் வீட்டார்'. தீயணைப்புக் குழு என் குடும்பம் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. இன்றைக்கும் ஆலையில் யாராவது தீயணைப்பு உருளையைக் காட்டி, "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் வந்துபோனதைப் பற்றி எழுதவேண்டும் என்று போன வாரம் அந்த அலுவலக வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. எழுதினால் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கையில் இல்லை. எனக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை.

2

அண்ணன் பெயர் குணசேகரன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டினார். அப்பா இறந்த பிறகு கோயில் கமிட்டிச் செயலாளரும் அவர்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீடமைப்புக் கம்பெனி தோட்டத்தை வாங்கியது. கோயில் இருந்த மேட்டில் சாலை வரவேண்டுமாம். அம்பாங்கானில் ஒரு துண்டு நிலம் தருகிறோம், அங்கே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கமிட்டி இரண்டாக உடைந்தது. அண்ணன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். செய்தி சூயஸில் இருந்த எனக்கு வந்தபோது ஆலை வாசலிலேயே நின்று அவருக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பினேன்.

"அப்பா இருந்திருந்தா ஒன் கைய வெட்டியிருப்பாரு."

அதுவரை அவரை நான் 'நீ' என்று பேசியதில்லை.

அவர் பதில் அனுப்பவில்லை. அடுத்த மாதம் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு என் மகள் யாழினியின் பரீட்சை, அண்ணன் மகளின் கல்யாணம். எல்லாம் பேசினோம், அதைத் தவிர. இரண்டு தடவை ஊருக்குப் போனபோது அம்பாங்கான் கோயிலில் அவர் பக்கத்திலேயே நின்று கும்பிட்டேன். அப்போதும் இரண்டு பேரும் நேராகச் சந்நிதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், "ஒரு வாட்டி ஒன் ஊரப் பாத்துட்டு வரேன்லா" என்றார். அண்ணி பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தனியாக வந்தார். கெய்ரோ விமான நிலையத்தில் நெத்திலிச் சம்பல் போத்தல்களோடு வெளியே வந்தவரைப் பார்த்து யாழினி ஓடிப்போய், "அஹ்லன் அம்மோ!" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னா தம்பி, என்னைய அம்மாங்குது?"

"அம்மோன்னா இங்க பெரியப்பாண்ணே."

"அப்ப அம்மாவ என்னான்னு கூப்புடும்?"

"மாமா."

"அப்ப மாமாவ?"

நான் சம்பல் போத்தல்களை வாங்கிக்கொண்டேன். யாழினிக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். நாம் தமிழில் பேசினால் பாதி புரியும், மீதியை அவளே நிரப்பிக்கொள்வாள். எதைக்கொண்டு நிரப்புகிறாள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

பிரமிடுகளை அண்ணன் அரை மணி நேரம் பார்த்தார். "யாரோ பெரிய ஆளு பொதைச்ச எடம்" என்று முடித்துவிட்டார். பிறகு கேட்டார்: "இங்க கோயில் ஒண்ணும் இல்லையா? சாமி கும்புட்ட எடம்?"

அஸ்வானுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இஸிஸ் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது, ஃபிலே என்று பெயர், அதைக் காட்டு என்று ஆலையில் ஒரு நண்பர் சொன்னார். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. யாழினிக்குப் பள்ளி விடுமுறை. மூன்று பேரும் அஸ்வானுக்கு விமானம் ஏறினோம்.

3

ஆற்றங்கரையில் சீட்டு வாங்கும் இடத்திலேயே குழப்பம். உள்ளூர்க்காரருக்கு ஒரு ஜன்னல், வெளிநாட்டாருக்கு ஒரு ஜன்னல். என் அட்டையையும் அண்ணனின் கடப்பிதழையும் சேர்த்து வைத்துப் பார்த்த குமாஸ்தா, இருவரும் அல் முனியாண்டிதானே, ஒருவர் எப்படி இங்கத்தியவர், இன்னொருவர் எப்படி வெளியார் என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் இரண்டு பேரையும் வெளியாராக்கி அனுப்பிவிட்டார்.

படகுக்காரர் பெயர் உஸ்மான். அறுபது வயதிருக்கும். நூபிய இனத்தவர், நம்மைப் போலவே கறுப்பு. வெள்ளைத் தலைப்பாகை. அண்ணனுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அண்ணன் தமிழும் மலாயும் கலந்து பேச, அவர் நூபிய மொழியும் அரபியும் கலந்து பேச, எஞ்சின் சத்தத்தில் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள்.

தீவில் இறங்கியதும் அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கல் கொதித்தது. காவலாளி ஓடிவந்து, "ஹாஜி, போட்டுக்கொள்ளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

"கோயில்தானே?" என்றார் அண்ணன் என்னிடம்.

"கோயிலா இருந்துச்சுண்ணே. இப்ப பாக்குற எடம்."

"அப்ப எப்ப கோயில் இல்லாம போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளவுமில்லை. நிழல் இருந்த ஓரமாகவே நடந்தார்.

உயரமான இரண்டு கோபுரச் சுவர்களில் பெரிய பெரிய உருவங்கள். பலவற்றின் முகத்தை யாரோ உளி வைத்துக் கொத்தியிருந்தார்கள். உள்ளே தூண்களில் சிலுவைகள் செதுக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் தேவாலயமாகவும் இருந்திருக்கிறது. அண்ணன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். யாழினி பள்ளியில் படித்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

"இந்த இஸிஸ் இருக்கால்ல பெரியப்பா, அவ ஹஸ்பண்ட அவரோட பிரதர் கட் பண்ணிட்டான். பீஸ் பீஸா. எல்லா எடத்திலும் போட்டுட்டான். அவ எல்லா பீஸும் தேடி எடுத்து, ஒண்ணா சேத்து வச்சா."

"ஒட்ட வச்சிருச்சா?"

"யெஸ்."

"ஒட்டுச்சா?"

"தெரியல பெரியப்பா. ஸ்டோரிதானே."

அண்ணன் கருவறைப் பக்கம் நடந்தார்.

கருவறை சின்ன இருட்டறை. நடுவில் ஒரு கல் பீடம் மட்டும் இருந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை. சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்த வெறும் பீடத்தின் முன்னால் கைகூப்பி நின்றார். நெடுநேரம் நின்றார். நான் வாசலில் நின்றுகொண்டு, இவர் யாரைக் கும்பிடுகிறார் என்று யோசித்தேன்.

வெளியே வந்ததும், "சாமி எங்க தம்பி?" என்றார்.

"எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே."

"யாரு?"

நான் படகைப் பார்த்து நடந்தேன்.

4

திரும்பும்போது உஸ்மான் சொன்னார். அரபியில் அவர் சொன்னதை யாழினி அண்ணனுக்குத் தமிழில் சொன்னாள். எனக்கு அரபி முக்கால்வாசி புரியும் என்பதால் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்போது பார்த்தீர்களே, அது அந்தக் கோயிலின் இடம் இல்லை. உண்மையான ஃபிலே அதோ, தண்ணீருக்குள் இருக்கிறது. அணை கட்டியதும் தண்ணீர் ஏறிவிட்டது. தூண்களுக்கு நடுவே படகு விட்டிருக்கிறார் என் அப்பா. பிறகு சுற்றிலும் இரும்புச் சுவர் எழுப்பி, தண்ணீரை இறைத்து, கல் கல்லாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, இந்த மேட்டுத் தீவுக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். எங்கள் ஊரும் தண்ணீருக்குள்தான். அதற்கு யாரும் நம்பர் போடவில்லை."

யாழினி இதைத் தன் தமிழில் சொல்லி முடித்தபோது அண்ணன் அந்தத் தீவைத் திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கல்லையுமா தூக்கிட்டு வந்தாங்க?"

"யெஸ் பெரியப்பா."

"ஒண்ணுகூட ஒடையலையாமா? கேளு."

யாழினி கேட்டாள். உஸ்மான் சிரித்தார். "உடைந்திருந்தால் நம்மிடம் சொல்வார்களா என்ன?" என்றார்.

அவள் அதை அப்படியே சொன்னாள். அண்ணனும் சிரித்தார். சத்தமாகத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பழைய எடத்துக்கு விடச் சொல்லு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

உஸ்மான் படகைத் திருப்பினார். அங்கே தண்ணீரில் துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் சில தலைநீட்டிக்கொண்டிருந்தன. மேலே நாரைகள். எஞ்சினை நிறுத்தியதும் அலை படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். எங்கள் தோட்டத்தில் மாரியம்மனை யாரும் மாரியம்மன் என்று சொல்வதில்லை. அம்மா என்றுதான் சொல்வோம்.

"லோரிய நான்தான் ஓட்டுனேன் தம்பி. வேற யாரையும் தொட விடல. கமிட்டி ஆளுங்கல்லாம் வேன்ல முன்னாடியே போய்ட்டாங்க. பக்கத்துல ரம்லி மட்டுந்தான், என் லோரில குலை ஏத்துவானே, அவன். அம்மாவ வைக்கோலு போட்டு, வெள்ளத் துணியில சுத்தி, பலகைப் பொட்டியில படுக்க வச்சிருந்தோம். ஆத்தோரமா சின்னப் பாலம் ஒண்ணு இருக்கும்லா? மழையில ஓரம் அரிச்சுப் போயிருந்துச்சு. பதினெட்டு வருசமா நான் ஓட்டுன ரோடு. அன்னிக்குன்னு பின்னாடி டயரு எறங்கிருச்சு. ஒரு சத்தம். பெரிய சத்தங்கூட இல்ல. எறங்கிப் போயி பொட்டியத் தொறந்து பாத்தேன். அம்மா கழுத்து ஒடஞ்சு கெடக்கு. தல ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம்."

"என்னா செஞ்சீங்க?"

"மூடிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் விட்டு விட்டுச் சொன்னார். புதுக் கோயில் கட்டி முடியும்வரை அம்மா சாஸ்திரப்படி நெல்லுக்குள் இருக்கவேண்டும், பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்று கமிட்டியிடம் சொல்லிப் பூட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தியாவுலேர்ந்து புதுசா ஒண்ணு வரவழைச்சேன். போட்டோ அனுப்பி, அதே ஒயரம், அதே மொகம். யாருக்கும் தெரியாது."

"பழசு?"

"கடல்ல போட்டேன். ஒடஞ்சா தண்ணியிலதான் விடணும்னு அப்பா சொல்லியிருக்காரு. போர்ட்டிக்சன்ல ரம்லியோட மச்சானுக்குப் படகு இருந்துச்சு. 'ஒங்க சாமிய நான் தொட மாட்டேன் குணா, ஆனா படக நான் ஓட்டுறேன், நீ தனியா போவாத'ன்னான் ரம்லி. வெள்ளனவே போனோம். ஒடம்ப எறக்கிட்டேன். தலைய எறக்க முடியல தம்பி. மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நல்லா வெயிலு வந்திருச்சு. ரம்லி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு ஒரு வார்த்த பேசாம ஒக்காந்திருந்தான்."

அண்ணன் தண்ணீரில் கையை விட்டு எடுத்தார்.

"கும்பாபிஷேகத்துக்கு முந்துன நாளு எண்ணெய்க்காப்பு. ஊரே வரிசையா நின்னு அம்மா மேல எண்ணெ சாத்துது. நம்ம அம்மாவும் போச்சு. அது கைய வச்சதும் எனக்கு உசுரே இல்ல. ஒண்ணும் சொல்லாம எறங்கி வந்திருச்சு. தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன். மத்த சனமெல்லாம் என்னா சொல்லுச்சு தெரியுமா? புது எடத்துக்கு வந்ததும் அம்மாவுக்கு மொகத்துல களை வந்திருச்சுன்னு."

"அண்ணே, நான் அன்னிக்கு அனுப்புன மெசேஜு…"

"நீ திட்டுனது சரிதான். கைய வெட்டணும்தான். நீ நெனச்ச காரணந்தான் வேற."

படகின் பின்பக்கத்தில் உஸ்மான் யாழினியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவளும் மெதுவாகப் பதில் சொன்னாள். உஸ்மான் உடனே தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, இறந்தவருக்காக ஓதுகிற ஓதலை ஓத ஆரம்பித்தார். நடுவே, "இவருடைய தாயாருக்கு" என்பது என் காதில் தெளிவாக விழுந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல எழுந்தேன். எங்கள் தாயார் அம்பாங்கானில் உயிரோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அண்ணன் அதற்குள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உடைந்துபோன அம்மாவுக்காகத்தான் இந்த மனிதர் ஓதுகிறார் என்று அவர் நினைத்துவிட்டார். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

கரை நெருங்கும்போது அண்ணன் கேட்டார். "அம்மாகிட்ட சொல்லலாமா தம்பி? எண்பது தாண்டிருச்சு. சொல்லாமயே விட்டுட்டா அப்புறம் யார்கிட்ட சொல்லுவேன்? சொன்னா இந்த வயசுல தாங்குமா?"

"தெரியலண்ணே" என்றேன். வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அண்ணனுக்கு நான் சொன்ன யோசனை அதுதான்.

5

அன்று சாயங்காலம் விடுதியில் யாழினி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் நீட்டிய ஆரஞ்சுச் சுளையை வாங்கவில்லை. அவர் குளிக்கப் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"பா, அம்பாங்கான்ல இருக்கறது ரியல் பாட்டி இல்லையா?"

"என்னா?"

"பெரியப்பா சொன்னாரே. அம்மா கழுத்து உடைஞ்சு போச்சு. யாருக்கும் சொல்லல. கடல்ல போட்டுட்டாரு. அப்புறம் இந்தியால இருந்து புதுசா ஒண்ணு வர வச்சாரு, சேம் ஃபேஸ், சேம் ஹைட். அங்கிள் ரம்லி ஹெல்ப் பண்ணாரு." அழுதுவிட்டாள். "உனக்குத் தெரிஞ்சும் நீ ஏன் போலீஸ்கிட்ட போகல பா?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. பிறகு அவள் கதவின் தாழை மறுபடியும் இழுத்துப் பார்ப்பதைக் கண்டேன். இத்தனை நேரமும் ஒரு கொலைகாரரோடு ஒரே காரில் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என் மகள். டாக்சிக்காரரிடமும் விடுதிக்காரரிடமும் எவ்வளவு அழகாக அரபி பேசுகிறாள் என்று வழியெல்லாம் நான் பெருமைப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா என்றால் சாமி. சாமி என்றால் கல்லில் செய்தது. கழுத்து உடைந்தது கல்லுக்கு.

"ஸ்டேட்சூவா?"

"ஆமா."

"அப்ப பாட்டி?"

"பாட்டி பாட்டிதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "உஸ்மான்கிட்ட நான் அவரோட மதர் டெட்னு சொல்லிட்டேன். அப்ப அவரு யாருக்கு துஆ பண்ணாரு பா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலம்மா" என்றேன்.

"ஸ்டேட்சூன்னா பெரியப்பா ஏன் அவ்ளோ அழுதாரு? புதுசு வந்துருச்சுல்ல?"

நாற்பத்தொன்பது வயதில் என் தமிழ், என் மலாய், என் ஆங்கிலம், அரைகுறை அரபி எல்லாவற்றிலும் தேடினேன். ஒன்றிலும் கிடைக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஆனால் மறுநாள் விமானத்தில் அண்ணன் பக்கத்து இருக்கையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கெய்ரோவில் இறங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்னைப் பாத்துப் பயந்துச்சே இந்தப் புள்ள, எதுக்குலா?" என்று கேட்டார் அண்ணன்.

"வெயிலுண்ணே" என்றேன்.

6

அண்ணன் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அம்மா அழைத்தார். ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் மாதிரிகளோடு இருந்தேன். பசியாறிவிட்டாயா, யாழினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஒங்கண்ணன் அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து கோயிலுக்கு வர்றான், உள்ள வரமாட்டேங்குறான். வாசல்லயே நிக்கிறான். ஒங்கிட்ட என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலையேம்மா."

"அம்மா ஒடஞ்சதச் சொன்னானா?"

கையிலிருந்த மாதிரிக் குப்பியை மேசையில் வைத்தேன். "ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எண்ணெய்க்காப்பு அன்னிக்கே தெரியும். அப்பா பூச பண்ணுன காலத்துலேர்ந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தானே குளிப்பாட்டுவேன். பழைய அம்மாவுக்கு எடது கால் பெருவெரலு பாதிதான் இருக்கும். நான் கல்யாணமாயி வந்த புதுசுல செம்பு கை தவறி விழுந்து பேந்து போச்சு. ஒங்கப்பாகிட்ட சொல்லல, பயம். மஞ்சளையும் எண்ணெயையும் அப்பி அப்பி மறைச்சே வச்சிருந்தேன், அவரு கண்ண மூடுற வரைக்கும். அன்னிக்குக் கைய வச்சேன். வெரலு முழுசா இருக்கு."

"ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"தூணு பக்கத்துல நின்னு என்னையவே பாத்துக்கிட்டு நின்னான்டா. மொகமெல்லாம் வெளுத்துப் போயி. அவன்கிட்ட போயி நான் என்னா கேப்பேன்? எண்ணெய வச்சிட்டு எறங்கி வந்துட்டேன்."

"அப்ப இத்தன வருசமா நீங்க யாரக் கும்புடுறீங்க?"

"என்னா கேள்வி கேக்குறே? அம்மாவத்தான்" என்றார் எரிச்சலாக. பிறகு குரல் இறங்கியது. "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிறாத. தெரிஞ்சா, அன்னிலேர்ந்து நான் பாத்த ஒவ்வொரு பார்வையையும் நெனச்சு நெனச்சுச் செத்துருவான்."

சொல்லமாட்டேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் அழைத்தார். "முடிவு பண்ணிட்டேன் தம்பி. வெள்ளிக்கெழம அம்மாகிட்ட சொல்லிறப் போறேன். நீ என்னா சொல்றே?"

என்ன சொல்வது? வேண்டாம் என்றால் இந்தப் பாரத்தை அவர் சாகும்வரை சுமப்பார். சொல்லுங்கள் என்றால் அம்மா மாட்டிக்கொள்வார். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். "சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் வைத்ததும் அம்மாவை எச்சரிக்கலாமா என்று தொலைபேசியில் அம்மாவின் எண்ணை எடுத்தேன். எடுத்து, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. மத்தியானம் அண்ணன் அழைத்தபோது மனைவியும் யாழினியும் கடைக்குப் போயிருந்தார்கள். அவர் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சின்ன வயதுக் குரல் போல இருந்தது.

"சொல்லிட்டேன்டா. முழுசாச் சொல்லிட்டேன். பாலம், பொட்டி, கடலு, எல்லாம்."

"அம்மா?"

"அப்படியே ஒக்காந்திருச்சு. 'என்னாடா சொல்றே, என்னாடா சொல்றே'ன்னு கேட்டுச்சு. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு அழுதுச்சு பாரு, அப்பா செத்தப்பகூட அப்புடி அழுது நான் பாத்ததில்ல. பயந்தே போய்ட்டேன். அப்புறம் என் தலைய மடியில வச்சு, 'நீ என்னாய்யா செய்வே, பாலம் ஒடஞ்சா நீ என்னா செய்வே'ன்னு தடவிக் குடுத்துச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயி தோச சுட்டுச்சு. ஆறு தோச தின்னேன் தம்பி."

அம்மா நடித்தாரா? நடித்திருந்தால் அத்தனை அழுகை எங்கிருந்து வந்தது? இத்தனை வருடமாக அழாமல் வைத்திருந்ததை, அழுவதற்கு இப்போதுதான் ஒரு சாக்கு கிடைத்ததா? அல்லது அந்தப் பாதி விரலுக்காக அழுதாரா? கேட்கவும் முடியாது. இனி யாரிடமும் கேட்க முடியாது.

"லைன்ல இருக்கியா?" என்றார் அண்ணன்.

"இருக்கேண்ணே."

"எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. ஆனா பாவம்டா அது. இத்தன வருசமும் ஒண்ணுமே தெரியாம கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமாண்ணே" என்றேன்.